அல்சரேட்டிவ் கோலைடிஸுக்கான புது மருந்து ட்ரயல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கோலைடிஸுக்குப் புது மருந்து ட்ரயல் ஒன்று நடக்கிறது, சேருகிறீர்களா என்று டாக்டர் கேட்டதும் நோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். ஒவ்வொரு ட்ரயலுக்கும் புரோட்டோகால் என்ற திட்ட ஆவணம் உண்டு. இங்கே வரும் எண்கள் பெரும்பாலான ட்ரயல்களில் வழக்கமாக இருப்பவை. உங்கள் புரோட்டோகாலில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு.

இந்த நோய்க்குத்தான் ஏற்கெனவே மருந்து இருக்கே, இன்னும் எதுக்கு ட்ரயல்?

மருந்துகள் இருக்கின்றன. லேசான நோய்க்கு மெசலமைன், நோய் கிளம்பும்போது ஸ்டீராய்டு, அதற்கு மேல் அசதயோப்ரின். பிறகு அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்ற வரிசையில் 2005-இல் இன்ஃப்ளிக்ஸிமாப், 2014-இல் வெடோலிசுமாப், 2018-இல் டோஃபாசிடினிப் என்று பட்டியல் நீள்கிறது. ஆனால் எல்லாருக்கும் கேட்கும் மருந்து ஒன்றுகூட இல்லை. 2019-இல் வெளியான வார்சிட்டி ட்ரயலில் இரண்டு நல்ல மருந்துகளை நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 52 வாரத்தில் நோய் அடங்கியிருந்தவர்கள் வெடோலிசுமாப் பெற்றவர்களில் 31.3 சதவீதம், அடாலிமுமாப் பெற்றவர்களில் 22.5 சதவீதம். கூடுதல் பலன் தந்த மருந்திலேயே மூன்றில் இரண்டு பேருக்கு நோய் முழுதாக அடங்கவில்லை.

முதலில் நன்றாகக் கேட்ட மருந்து ஒரு வருஷம் கழித்துக் கேட்காமல் போவதும் உண்டு. அப்படி ஒன்றிரண்டு மருந்துகளைத் தாண்டி வந்தவர்களுக்கு அடுத்த வாசல் தேவைப்படுகிறது.

என்னை வச்சு சோதனை பண்றாங்களா?

ஆமாம், அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. டாக்டர் உங்களுக்குத் தரும் சிகிச்சையின் நோக்கம் உங்கள் உடம்பு மட்டும். ட்ரயலின் நோக்கம் ஒரு கேள்விக்குப் பதில் காண்பது: இந்த மருந்து வேலை செய்கிறதா, எந்த அளவில், என்ன விலை கொடுத்து? உங்களுக்கு நன்மை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இதைத் தெரிந்து சேர்பவர்களே கடைசிவரை நிம்மதியாக இருக்கிறார்கள்.

எந்தக் கட்டம் என்று கட்டாயம் கேளுங்கள். முதல் கட்டத்தில் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள் சில பத்துப் பேரிடம் உடம்பு மருந்தைத் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் நூறு, இருநூறு நோயாளிகளிடம் இரண்டு மூன்று அளவுகளை ஒப்பிடுவார்கள். மூன்றாம் கட்டத்தில் பல நூறு பேர், சில சமயம் ஆயிரத்துக்கும் மேல். இரண்டாம் கட்டத்தில் எந்த அளவு சரி என்பதே இன்னும் முடிவாகியிருக்காது. மூன்றாம் கட்டத்துக்கு வந்த மருந்தைப் பற்றி அதைவிட நிறையத் தெரிந்திருக்கும், ஆனாலும் அரிதான பக்கவிளைவுகள் தெரிந்திருக்காது.

எனக்கு கோலைடிஸ் இருக்கு. அது போதுமா, சேர்ந்துடலாமா?

போதாது. பெரும்பாலான ட்ரயல்கள் நடுத்தரம் முதல் கடுமையான நோய் உள்ளவர்களைத்தான் சேர்க்கின்றன. எண்டோஸ்கோபியும் (கேமராக் குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பது) திசுப் பரிசோதனையும் நோயை உறுதி செய்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஏதாவது ஒரு மருந்து கேட்காமலோ ஒத்துக்கொள்ளாமலோ போயிருக்க வேண்டும். நோய் மலக்குடலோடு நின்றிருந்தால், அதாவது ஆசனவாயிலிருந்து ஏறக்குறைய 15 சென்டிமீட்டருக்குள் இருந்தால், பல ட்ரயல்களில் இடமில்லை.

க்ரோன்ஸ் நோய் (குடலில் வரும் இன்னொரு அழற்சி நோய்), கோலைடிஸா க்ரோன்ஸா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழற்சி, பெருங்குடலை எடுத்த அறுவைச் சிகிச்சை, திசுவில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம், கடந்த 5 வருஷத்துக்குள் வந்த புற்றுநோய் ஆகியவை வழக்கமாக வெளியே நிறுத்தும் காரணங்கள். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்கு நோய் முற்றியிருந்தாலும் சேர்க்கமாட்டார்கள். அந்த நிலையில் ஒருவரை வெற்று மருந்து, அதாவது மருந்தே இல்லாத பிளாசிபோ, கிடைக்கும் பிரிவில் விழ விடுவது நியாயமில்லை.

மேயோ ஸ்கோர், மேயோ ஸ்கோர்னு சொல்றாங்களே, அது என்ன?

நோயின் கடுமையை எண்ணாக்கும் அளவுகோல். 1987-இல் மேயோ கிளினிக்கில் நடந்த மெசலமைன் ட்ரயலில் பிறந்தது. முழு வடிவத்தில் நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 12. டாக்டரின் பொதுவான கணிப்பு என்ற பகுதியை இப்போது பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மீதி மூன்றும் சேர்ந்து 9. அதில் 5 முதல் 9 வரை, எண்டோஸ்கோபிப் பகுதியில் மட்டும் 2 அல்லது 3 என்பதுதான் நுழைவுக்கான வழக்கமான நிபந்தனை.

முதல் பகுதி, எத்தனை தடவை மலம் போகிறீர்கள் என்பது. இயல்பான எண்ணிக்கைக்கு மேல் 1–2 தடவை கூடினால் 1, 3–4 கூடினால் 2, 5 அல்லது அதற்கு மேல் கூடினால் 3. இரண்டாவது ரத்தம்: கோடாகச் சில தடவை மட்டும் தெரிந்தால் 1, பெரும்பாலான தடவை பளிச்சென்று தெரிந்தால் 2, மலமே இல்லாமல் ரத்தம் மட்டும் போனால் 3. மூன்றாவது எண்டோஸ்கோபி: லேசான சிவப்பு, மங்கலான ரத்தக்குழாய்த் தடம் என்றால் 1. நல்ல சிவப்பு, தடமே தெரியாமை, சிறு அரிப்புகள் என்றால் 2. தானாகவே ரத்தம் கசிவதும் புண்ணும் இருந்தால் 3.

பலரும் சறுக்கும் இடம் ‘இயல்பான எண்ணிக்கை’. நோய் வருவதற்கு முன்போ, நோய் நன்றாக அடங்கியிருந்தபோதோ ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதுதான் கேள்வி. வருஷக்கணக்கில் நோயோடு இருந்தவருக்கு மூன்று தடவையே இயல்பாகத் தோன்றும். உண்மையில் 1 என்று எழுத வேண்டியவர் 3 என்று எழுதினால், இப்போது 5 தடவை போவது 2 மட்டும் கூடியதாகி 1 மதிப்பெண்தான் பெறும். சரியாக எழுதியிருந்தால் 4 கூடியிருக்கும், 2 மதிப்பெண். இந்த ஒரு எண் ட்ரயல் முடியும்வரை கூடவே வரும். அவசரப்படாமல் யோசித்துச் சொல்லுங்கள்.

ஸ்க்ரீனிங்ல என்னென்ன டெஸ்ட் எடுப்பாங்க?

ஸ்க்ரீனிங் என்பது சேரத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைகள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகே எதையும் தொடங்க வேண்டும். அதன்பின் நான்கைந்து வாரத்துக்குள் எல்லாம் முடியும். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம், ஈசிஜி, பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. காசநோய்க்கு ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள் உள்ளே உறங்கிக் கிடக்கும் காசநோயையும் ஹெபடைடிஸ் பி-யையும் எழுப்பிவிடக்கூடும் என்பதால் இவற்றில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். முன்பு காசநோய் இருந்ததை மறைத்தால் ஆபத்து உங்களுக்குத்தான்.

மலப் பரிசோதனை இரண்டு வகை. ஒன்று கிருமிக்காக, குறிப்பாக க்ளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில். அந்தக் கிருமி தனியாகவே வயிற்றுப்போக்கையும் அழற்சியையும் கிளப்பும் என்பதால், அது இருந்தால் முதலில் அதற்குத்தான் சிகிச்சை. மற்றது கால்ப்ரொடெக்டின். குடலில் அழற்சி இருந்தால் ஏறும் புரதம் இது. ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இயல்பு, 250-க்கு மேல் என்றால் பெரும்பாலும் நோய் கனன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். கடைசியாகத் திசு மாதிரியோடு எண்டோஸ்கோபி.

எனக்கு ரத்தம் நிறையவே போகுது. அப்படியும் "நீங்க தகுதி இல்லை"ன்னுட்டாங்க. ஏன்?

பெரும்பாலும் எண்டோஸ்கோபி வீடியோதான் காரணம். ஸ்கோப் உள்ளே போய் வெளியே வரும்வரை முழுதும் பதிவாகும். அந்தப் பதிவு, உங்கள் பெயரோ நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதோ தெரியாத ஒரு வெளி நிபுணருக்குப் போகும். அவர் 1 என்று போட்டால், உங்கள் டாக்டர் 2 போட்டிருந்தாலும் நுழைவு இல்லை, அல்லது மூன்றாவது ஒருவர் பார்த்து முடிவு சொல்வார். இவ்வளவு கெடுபிடி ஏன் என்பதற்கு 2013-இல் வெளியான ஒரு மெசலமைன் ட்ரயல் ஆய்வு நல்ல விளக்கம். உள்ளூர் டாக்டர்கள் தகுதி என்று சேர்த்தவர்களில் 31 சதவீதம் பேர், வெளி நிபுணர் பார்த்தபோது தகுதிக்குக் கீழே இருந்தார்கள். அவர்களைக் கணக்கிலிருந்து எடுத்த பிறகுதான் மருந்துக்கும் வெற்று மருந்துக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. நோய் லேசாக இருப்பவர்கள் கலந்துவிட்டால் நல்ல மருந்துகூடத் தோற்றதுபோலக் காட்சி தரும்.

வேறு காரணங்களும் உண்டு: மூல நோயிலிருந்து வரும் ரத்தம், மேலே சொன்ன கிருமித் தொற்று, ஏதாவது ஒரு ரத்த அளவு எல்லைக்கு வெளியே இருப்பது. என்ன காரணம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிருமிக்குச் சிகிச்சை முடித்தோ, ஹீமோகுளோபினைத் தேற்றியோ மீண்டும் ஒருமுறை ஸ்க்ரீனிங் செய்யப் பல ட்ரயல்கள் அனுமதிக்கின்றன.

அப்படின்னா டைரியில கொஞ்சம் கூட்டிப் போட்டா சேர்ந்துடலாம்ல?

வேண்டாம். டைரி என்பது ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை போனது, ரத்தம் எவ்வளவு என்று நீங்களே எழுதும் பதிவு. எண்டோஸ்கோபி மதிப்பெண் உங்கள் கையில் இல்லை, ஆகவே பெரும்பாலும் பயனும் இல்லை. பயன் இருந்தால் அது இன்னும் மோசம். ஆரம்பத்தில் கூட்டிப் போட்டவர் சேர்ந்த பிறகு உண்மையை எழுதுவார். எண் தானாக இறங்கும், வெற்று மருந்து எடுத்தவருக்கும் குணமானதுபோலத் தெரியும். சில பத்துப் பேர் இப்படிச் செய்தாலே ஒரு நல்ல மருந்து அனுமதி கிடைக்காமல் நின்றுபோகலாம். உங்களைப் போலவே அவதிப்படுகிறவர்கள்தான் அந்த மருந்துக்காகக் காத்திருப்பவர்கள்.

டைரியில எதை எப்படி எண்ணணும்? ஒவ்வொரு தடவையும் குழப்பமா இருக்கு.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலை 6 மணிக்குத் தளர்ந்த மலம், மேலே ஒரு ரத்தக் கோடு. 6.40-க்கு மறுபடி அவசரம். போனால் சளி மட்டும். மதியம் மலம், ரத்தம் இல்லை. சாயங்காலம் முட்டிக்கொண்டு வருவதுபோல இருந்தது, உட்கார்ந்தும் காற்று தவிர ஒன்றும் வரவில்லை. இரவு 11 மணிக்கு வயிறு முறுக்கி, ரத்தம் மட்டும் ஒரு ஸ்பூன் அளவு. இன்றைய எண்ணிக்கை எத்தனை? பல புரோட்டோகால்களின்படி 4. மலமோ, சளியோ, ரத்தமோ வெளியே வந்த ஒவ்வொரு தடவையும் கணக்கில் சேரும். ஒன்றும் வராதது சேராது. ரத்தத்துக்கு அன்றைய நாளில் மோசமாக இருந்ததைத்தான் போட வேண்டும், ஆகவே 3. மூன்று தடவை நன்றாகத்தானே இருந்தது என்று சராசரி பார்த்து 1 போடக்கூடாது. சளி மட்டும் வந்ததை எண்ணுவதா என்பதில் ட்ரயலுக்கு ட்ரயல் வித்தியாசம் வரலாம். முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு நாளும் தூங்கப் போகும் முன் எழுதுங்கள். மின்னணு டைரியில் நேரமும் சேர்ந்தே பதிவாகும், நான்கு நாள் கழித்து நினைவிலிருந்து நிரப்ப முடியாது. ஒவ்வொரு விசிட்டுக்கும் முந்தைய சில நாட்களில் சரியாக எழுதப்பட்ட மூன்று நாட்களின் சராசரியைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். குடலைக் கழுவும் மருந்து குடித்த நாளும் எண்டோஸ்கோபி நாளும் கணக்கில் வராது. ஆகவே விசிட்டுக்கு முந்தைய வாரம் டைரி விட்டுப்போனால், எட்டு வாரம் மருந்து எடுத்தும் உங்கள் முடிவு ‘பதிவில்லை’ என்றாகி, மருந்து கேட்காதவர் கணக்கில் போய்ச் சேரும்.

இப்ப சாப்பிடற மாத்திரையை எல்லாம் நிறுத்தணுமா?

எல்லாவற்றையும் அல்ல. மெசலமைன் மாத்திரையை அதே அளவில் தொடரலாம். பிரட்னிசொலோன் வழக்கமாக நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வரை அனுமதி. இரண்டும் சேர்வதற்கு முன் குறைந்தது இரண்டு வாரமாவது அளவு மாறாமல் இருந்திருக்க வேண்டும். ஆசனவாய் வழி வைக்கும் மருந்தையும் எனிமாவையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் கேமரா பார்க்கப்போகும் இடத்தையே அவை ஆற்றிவிடும். அசதயோப்ரினில் சில ட்ரயல்கள் தொடரச் சொல்லும், சில நிறுத்தச் சொல்லும்.

ஊசி மருந்துகளுக்கு இடைவெளி வேண்டும். இன்ஃப்ளிக்ஸிமாப் போன்றவற்றுக்கு 8 வாரம், வெடோலிசுமாபுக்கு 12 வாரம் என்பது அடிக்கடி காணும் எண். ரத்தத்தில் பழைய மருந்து துளியும் இல்லை என்று பரிசோதனை காட்டினால் சில ட்ரயல்கள் சீக்கிரம் சேர்க்கும். இந்த இடைவெளியில் நோய் கிளம்பலாம் என்பதை மறக்காதீர்கள். ஏற்கெனவே ஒரு மருந்து உங்களுக்குப் பாதியாவது கேட்டுக்கொண்டிருந்தால், ட்ரயலுக்காக அதை நிறுத்துவது பெரும்பாலும் நல்ல முடிவல்ல.

எனக்கு வெறும் வெத்து மாத்திரை வந்துட்டா என் கதி?

வரலாம். உங்கள் வாய்ப்பு என்ன என்பது ஒப்புதல் படிவத்திலேயே இருக்கும். 3:1 என்றால் நான்கில் மூன்று பேருக்கு மருந்து, ஒருவருக்கு பிளாசிபோ. 2:1 என்றால் மூன்றில் ஒருவர். யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போடும். கெஞ்சியோ சிபாரிசு பிடித்தோ மாற்ற முடியாது.

பிளாசிபோப் பிரிவு என்றாலும் முந்தைய பதிலில் சொன்ன மெசலமைனும் ஸ்டீராய்டும் தொடரும். ஆரம்பக் கட்டம் 8 முதல் 12 வாரம்தான். அதற்குள் நோய் மோசமானால் ட்ரயலை விட்டு வெளியே வந்து வழக்கமான சிகிச்சைக்குப் போகலாம், சில ட்ரயல்களில் அந்த நிலையில் அசல் மருந்தையே வெளிப்படையாகக் கொடுப்பார்கள். "என் நோய் மோசமானால் எத்தனை நாளில், என்ன செய்வீர்கள்?" என்று சேரும் முன்பே கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் சொல்லத் தெரியாத இடத்தில் சேர வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மருந்தே இல்லாத மாத்திரையில எப்படிச் சிலருக்குக் குணமாகுது?

இந்த நோயின் இயல்பே ஏறி இறங்குவது. உச்சத்தில் இருக்கும்போது சேர்பவர்களில் சிலருக்கு எதுவும் செய்யாமலே கொஞ்சம் இறங்கும். கூடவே பழைய மருந்தை ஒரு நாள்கூடத் தவறாமல் எடுப்பதும், நெருக்கமான கவனிப்பும், நம்பிக்கையும் சேர்கின்றன. பல ட்ரயல்களைத் திரட்டிப் பார்த்த 2017-ஆம் ஆண்டு காக்ரேன் ஆய்வில், ஆரம்பக் கட்டத்தில் பிளாசிபோ பெற்றவர்களில் ஏறக்குறைய 33 சதவீதம் பேருக்கு முன்னேற்றமும் 10 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியதும் பதிவாகியிருக்கின்றன. ஒப்பிட ஒரு பிரிவு இல்லாவிட்டால் இந்த மூன்றில் ஒரு பங்கு முழுவதையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

டாக்டருக்காவது தெரியுமா, நான் எதைச் சாப்பிடறேன்னு?

தெரியாது. தெரிந்தால் அவர் பார்வையே மாறும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில், என்ன மருந்து என்று தெரிந்தால்தான் சிகிச்சை தர முடியும் என்றால், யாருக்கு எது என்று மறைத்து வைத்திருக்கும் குறியீட்டை 24 மணி நேரமும் திறந்து பார்க்க வழி இருக்கும். அதற்கான தொலைபேசி எண்ணுடன் ஒரு அட்டை தருவார்கள். அது எப்போதும் பர்ஸில் இருக்கட்டும்.

மொத்தம் எவ்வளவு நாள்? எத்தனை தடவை குழாய் விடுவாங்க?

ஏறக்குறைய ஒரு வருஷம். முதல் 8–12 வாரம் நோயை அடக்குகிறதா என்று பார்க்கும் ஆரம்பக் கட்டம், 2 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை விசிட். பிறகு 52 வாரம் வரை அடங்கியதைக் காக்கிறதா என்று பார்க்கும் பராமரிப்புக் கட்டம்.

எண்டோஸ்கோபி குறைந்தது மூன்று: ஸ்க்ரீனிங், ஆரம்பக் கட்ட முடிவு, வருஷ முடிவு. பெரும்பாலும் இடப்பக்கக் குடல் வரை மட்டும் போகும் சிக்மாய்டோஸ்கோபி. எனிமா போதும், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடியும். நோய் வந்து 8 வருஷம் தாண்டியவர்களுக்குப் புற்றுநோய் மாற்றம் இல்லை என்று உறுதி செய்ய ஒருமுறை முழு கொலனோஸ்கோபி கேட்கலாம். திசுத் துணுக்கு எடுப்பது வலிக்காது. குடலின் உட்தோலுக்குக் கிள்ளுவதும் வெட்டுவதும் உறைக்காது. காற்றடைத்துக் குடல் விரிவதுதான் முறுக்கலாகத் தெரியும்.

மருந்து கேட்டுது, நல்லா இருக்கேன். அப்புறம் எதுக்கு மறுபடி குலுக்கல் போடறாங்க?

பல ட்ரயல்களில் ஆரம்பக் கட்டத்தில் முன்னேறியவர்களை மீண்டும் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மருந்தையும் மறு பகுதியினருக்கு பிளாசிபோவையும் கொடுப்பார்கள். நோய் அடங்கிய பிறகும் மருந்து தேவையா, குறைந்த அளவு போதுமா என்பதற்கு வேறு வழியில் உறுதியான பதில் கிடைப்பதில்லை. நன்றாக இருக்கும்போது மருந்து நிற்கக்கூடும் என்பது மனத்தை உறுத்தும் விஷயம்தான். மறு குலுக்கல் இல்லாமல் தொடக்கத்தில் விழுந்த பிரிவிலேயே 52 வாரமும் போகும் ட்ரயல்களும் உள்ளன. எது உங்களுடையது என்று சேரும் முன்பே கேளுங்கள்.

இந்தக் கட்டத்தில் ஸ்டீராய்டையும் படிப்படியாகக் குறைப்பார்கள். 20 மில்லிகிராமில் இருப்பவருக்கு 10 வரும்வரை வாரம் 5, பிறகு வாரம் 2.5 என்று குறைத்தால் ஆறு வாரத்தில் பூஜ்யம். அப்போது சோர்வு, தலைசுற்றல், மூட்டுவலி வந்தால் அது ஸ்டீராய்டு குறைவதாலும் இருக்கலாம். சொல்லுங்கள், நீங்களாகக் கூட்டிக்கொள்ளாதீர்கள்.

பக்கவிளைவு என்னென்ன வரும்?

மருந்தின் வகையைப் பொறுத்தது. டோஃபாசிடினிப் போன்ற ஜாக் தடுப்பான் மாத்திரைகளில் அக்கி, கொழுப்பு அளவு ஏற்றம், ரத்தக்கட்டி ஆகியவற்றைக் கவனிப்பார்கள். அக்கி என்பது ஒரு பக்கமாகக் கொப்புளத்தோடு எரியும் தடிப்பு; பார்த்த அன்றே போன் செய்யுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல் என்றால் அவசரப் பிரிவு. ஓசானிமோட், எட்ராசிமோட் வகையில் தொடக்கத்தில் இதயத்துடிப்பு குறையலாம், விழித்திரையில் நீர் கோக்கலாம், லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்கள் குறையும். ஈசிஜியும் கண் பரிசோதனையும் அதற்காகத்தான். நரம்பில் ஏற்றும் மருந்துகளில் ஏற்றும்போதே ஒவ்வாமை வரலாம்; முடிந்ததும் கொஞ்ச நேரம் உட்கார வைப்பது அதனால்தான்.

சளி, தலைவலி, தடுக்கி விழுந்தது என்று மருந்துக்குச் சம்பந்தமில்லாததுபோலத் தெரிவதையும் சொல்லுங்கள். சம்பந்தம் உண்டா என்பதை நூற்றுக்கணக்கானவர்களின் பதிவைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால் அன்றே ட்ரயல் குழுவுக்குச் சொல்ல வேண்டும். தகவல் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மருந்து நிறுவனத்துக்கு அவர்கள் அறிவித்தாக வேண்டும்.

நடுவுல நோய் கிளம்பிட்டா அடுத்த விசிட் வரைக்கும் பொறுத்துக்கலாமா?

கூடாது. 1955-இல் ட்ரூலவும் விட்ஸும் கார்டிசோன் ட்ரயலுக்காக வகுத்த அளவுகோல் இன்றும் கைகொடுக்கிறது: ஒரு நாளில் ரத்தத்தோடு 6 தடவை அல்லது அதற்கு மேல் போவதோடு, காய்ச்சல் 37.8 டிகிரி செல்சியஸுக்கு மேலோ, நாடித்துடிப்பு 90-க்கு மேலோ, நல்ல ரத்தசோகையோ இருந்தால் அது கடுமையான தாக்குதல். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வழியில் போன் செய்யுங்கள். வயிறு உப்பி, தொட்டால் வலித்து, மலமும் நின்றுபோனால் நோய் குறைகிறது என்று நினைத்துவிடாதீர்கள். குடல் ஆபத்தாக விரிவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

தலைவலி மாத்திரை, வயித்துப்போக்கு மாத்திரை எல்லாம் போட்டுக்கலாமா?

வலிக்கும் காய்ச்சலுக்கும் பாராசிடமால். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை நோயைக் கிளப்பிவிடக்கூடும், ட்ரயலில் தடையும் இருக்கும். லோபரமைட் போட்டால் எண்ணிக்கை மட்டும் குறையும், அழற்சி குறையாது. டைரி பொய் சொல்லும். மேலே சொன்ன குடல் விரிவுக்கும் அது வழிவிடலாம். ஆன்டிபயாடிக் வேறு டாக்டர் எழுதினால், முடிந்தவரை போடும் முன்பே ட்ரயல் குழுவிடம் சொல்லுங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் கூடாது. போட வேண்டியது இருந்தால் சேரும் முன்பே திட்டமிடுங்கள்.

குழந்தை பெத்துக்கற யோசனை இருக்கு. சேரலாமா?

இந்த ஒன்றரை வருஷத்துக்குள் என்றால் வேண்டாம். ட்ரயல் முழுவதும், கடைசி டோஸுக்குப் பிறகு சில வாரம் அல்லது மாதம் வரையும் நம்பகமான கருத்தடை கட்டாயம். சில மருந்துகளில் ஆண்களுக்கும் இது பொருந்தும். கர்ப்பமாகிவிட்டால் மருந்தை நிறுத்திவிட்டு, குழந்தை பிறக்கும்வரை நலம் விசாரித்துப் பதிவு செய்வார்கள்.

ஒப்புதல் படிவம் முப்பது பக்கம் இருக்கு. எதை முக்கியமாப் பார்க்கணும்?

வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். அங்கேயே கையெழுத்துப் போடச் சொன்னால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பிளாசிபோ விகிதம், நோய் மோசமானால் என்ன வழி, மறு குலுக்கல், மருந்தால் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் யார் பொறுப்பு, போக்குவரத்துச் செலவு, எடுக்கும் ரத்தமும் திசுவும் எத்தனை வருஷம் எதற்காகச் சேமிக்கப்படும், ட்ரயல் முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா ஆகியவற்றைத் தேடிப் பிடித்துக் கோடிடுங்கள். ட்ரயல் மருந்துக்கும் ட்ரயலுக்கான பரிசோதனைகளுக்கும் உங்களிடம் பணம் கேட்கக்கூடாது என்பதே வழக்கம். கேட்டால் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் படிவத்திலேயே இருக்கும், அங்கே கேளுங்கள்.

பதிவு எண்ணையும் பாருங்கள். 2005 முதல் முன்னணி மருத்துவ இதழ்கள், தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதியாத ட்ரயல்களை வெளியிடுவதில்லை. அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் ட்ரயலின் அளவு, கால அளவு, எதை வெற்றி என்று முன்கூட்டியே அறிவித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும்.

நடுவுல விலகினா டாக்டர் கோவிச்சுக்குவாரா?

கோபிக்கக் கூடாது. காரணம் சொல்லாமலே விலக உங்களுக்கு உரிமை உண்டு, உங்கள் வழக்கமான சிகிச்சை அதனால் பாதிக்கப்படக் கூடாது. ஆனால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். மருந்து உடம்பில் இன்னும் இருக்கும். கடைசியாக ஒரு பாதுகாப்பு விசிட் அவசியம். மருந்தை மட்டும் நிறுத்திக்கொண்டு பரிசோதனைக்கு வந்துபோவதும் ஒரு வழி. அதுவரை சேர்ந்த தரவுகள் கணக்கில் இருக்கும். சேமித்த மாதிரிகளை அழிக்கச் சொல்ல முடியுமா என்பது படிவத்தில் இருக்கும்.

எனக்கு நிஜ மருந்தா வெத்து மருந்தான்னு எப்பத்தான் தெரியும்?

உங்கள் 52 வாரம் முடிந்த அன்று அல்ல. கடைசியாகச் சேர்ந்தவரும் முடித்து, தரவுகளைச் சரிபார்த்துப் பூட்டிய பிறகுதான் குறியீட்டைத் திறப்பார்கள். அதற்கு மாதங்கள் ஆகும், சில சமயம் வருஷங்களும். முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் சொல்லி வையுங்கள். திறந்ததும் என் பிரிவைத் தெரிவியுங்கள் என்று கேட்டு, அதை உங்கள் கோப்பில் குறிக்கச் செய்யுங்கள். இடைப்பட்ட காலத்துக்காகப் பல ட்ரயல்கள் தொடர் திட்டம் வைத்திருக்கின்றன. அதில் எல்லாருக்கும் அசல் மருந்து, ஆனால் மருந்தின் வளர்ச்சி நிறுத்தப்பட்டால் திட்டமும் நின்றுவிடும். அதில் சேராவிட்டால், கடைசி விசிட்டுக்கு ஒரு மாதம் முன்பே அடுத்து எந்த மருந்து என்பதை உங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். கடைசி எண்டோஸ்கோபி அறிக்கையின் பிரதியையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.